கச்சேரியடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: தகவல் கேட்பதும் கையில் இருக்கும் போனும்

திருகோணமலையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ஸ்கேன், படிவம் நிரப்புவது, கடிதம் டைப் பண்ணுவது இவைதான் தொழில். 2017க்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது: அரச கந்தோர்களிடம் தகவல் கேட்டு எழுதும் கடிதம். நிலாவெளியிலிருந்து வருபவரும் தோப்பூரிலிருந்து வருபவரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் சட்டத்தரணி இல்லை. பலருடைய கடிதங்களை டைப் பண்ணி, வந்த பதில்களைப் படித்துப் பழகியவன், அவ்வளவுதான்.

ஆர்டிஐ ஆர்டிஐ எண்டு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன தம்பி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2015இல் வந்த 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்து, தகவலைப் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து மக்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

இது முறைப்பாடு இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்கட ரோட்டைப் போட்டுத் தாங்க" என்பது முறைப்பாடு. "எங்கட ரோட்டுக்கு ஒதுக்கின காசு எவ்வளவு, யாருக்குக் குடுத்தீங்க, அந்தக் கடதாசியின் பிரதியைத் தாங்க" என்பது தகவல் கேட்பது. முறைப்பாட்டுக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் பெரும்பாலும் கேட்க ஆளில்லை. தகவல் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் அந்த அலுவலர் மேலே பதில் சொல்ல வேண்டும்.

எல்லாத்தையும் கச்சேரியில குடுத்தாச் சரிதானே?

சரி வராது. ஒவ்வொரு அரச நிறுவனத்துக்கும் தனித்தனித் தகவல் அலுவலர் இருக்கிறார். திருகோணமலையில் இதில் கூடுதல் குழப்பம், ஏனென்றால் மாகாணத் தலைநகரமும் இதுதான். மத்திய அரசின் திணைக்களமும் மாகாணத் திணைக்களமும் ஒரே விடயத்துக்கு அருகருகே இருக்கும். வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கும். இன்னொன்று மாகாண வீதித் திணைக்களத்துடையதாக இருக்கும். உங்கள் வீட்டு ஒழுங்கை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தம். எழுதுவதற்கு முன் அது யாருடைய வீதி என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வேலை நடந்த இடத்திலுள்ள பெயர்ப்பலகையைப் படமெடுத்து வாருங்கள். பாதி விபரம் அதிலேயே இருக்கும்.

"எங்களுக்குத் தகவல் அலுவலரே இல்லை" என்று ஒரு கந்தோர் சொன்னால் கவலைப்படாதீர்கள். நியமிக்கும்வரை அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். அவர் பெயருக்கே எழுதலாம்.

எவ்வளவு காசு? யூடியூப்ல 10 ரூபா முத்திரை ஒட்டச் சொல்றாங்களே?

அது இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம். தமிழில் தேடினால் முதலில் வருவதெல்லாம் தமிழ்நாட்டு வீடியோக்கள். அங்கே 10 ரூபாய் கட்டணம், 30 நாள், பொதுத் தகவல் அலுவலர் என்று சொல்வார்கள். இங்கே விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. நாள் கணக்கும் வேறு, அலுவலரின் பெயரும் வேறு. கடிதத்தில் முத்திரை ஒட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், வீண் செலவு.

பிரதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. 2017 பெப்ரவரியில் வந்த விதிகளின்படி முதல் 4 ஏ4 பக்கங்கள் இலவசம். அதற்குமேல் ஒரு பக்கப் போட்டோக்கொப்பிக்கு 2 ரூபாய். என் கடை விலை அதைவிடக் கூட, உண்மையைச் சொல்கிறேன். மின்னஞ்சலில் அனுப்பினால் காசில்லை. கந்தோருக்குப் போய்க் கோவையை, அதாவது ஃபைலைப் பார்வையிட்டால் முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய். தடித்த கோவையென்றால் போய்ப் பார்வையிட்டு, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் பிரதி கேட்பதுதான் கெட்டித்தனம்.

ஏன் கேக்கிறீங்க எண்டு கேட்டா என்ன சொல்ற?

ஒன்றும் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது.

நான் எழுதினா "கவனத்தில் எடுக்கப்படும்" எண்டுதான் பதில் வருது. எப்பிடி எழுதினாச் சரிவரும்?

பத்தில் ஏழு கடிதம் இந்த இடத்தில்தான் தவறுகிறது. விளக்கம் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள். "வடிகான் வேலை ஏன் அரைகுறையாக நிற்கிறது, இதில் ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் நீங்கள் கேட்பது ஒரு அபிப்பிராயத்தை. அலுவலர் தன் மேசையில் இல்லாத ஒன்றைத் தர முடியாது. "கவனத்தில் எடுக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார்.

அதே வடிகானுக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இன்ன ஒழுங்கையில் இன்ன ஆண்டு நடந்த வடிகான் வேலையின் மதிப்பீடு, அளவுப்பட்டியல் அதாவது பிஓகியூ, விலைமனுக் கோரிய அறிவித்தல், வந்த விலைமனுக்களை ஒப்பிட்ட அறிக்கை, கொந்தராத்துக்காரருடனான ஒப்பந்தம், செய்த வேலையை அளந்த ஏடு, கொடுத்த பணத்தின் வவுச்சர்கள், வேலை முடிந்ததற்கான சான்றிதழ். இவை அத்தனையும் ஏதோ ஒரு கோவைக்குள் இருக்கும். இல்லாவிட்டால் "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று எழுத்தில் வரும். அளவு ஏடு இல்லாமல் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு வரியே போதும்.

போன் உதவுவது இதற்குப் பிறகுதான். அளவுப்பட்டியலில் கான் 120 மீற்றர் என்று இருந்தால் அளவு நாடாவோடு போங்கள். இரண்டு முனையிலும் திகதியும் இடமும் பதியும்படி படமெடுங்கள். இடம் பதிய கமெராவில் லொகேஷனைப் போட்டுவைக்க வேண்டும். அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடவிபரம் அழிந்துவிடும், டொக்யூமன்டாக அனுப்புங்கள். கடதாசியில் 120, தரையில் 84 என்றால் நீங்கள் யாரையும் கள்ளன் என்று சொல்லத் தேவையில்லை.

ஈமெயில்ல அனுப்ப ஏலுமா, இல்லாட்டி பதிவுத் தபால்தானா?

இரண்டும் செல்லும். எழுத்து என்றால் இலத்திரனியல் எழுத்தும் சேர்த்தி என்று சட்டத்திலேயே இருக்கிறது. நேரில் கொண்டுபோயும் கொடுக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் கிடைத்ததற்கான அத்தாட்சியை அவர்கள் எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்காத கந்தோர்களும் உண்டு. அதனால் நான் மின்னஞ்சலும் அனுப்பிப் பதிவுத் தபாலும் போடச் சொல்வேன். தபால் பற்றுச்சீட்டை அன்றே படமெடுங்கள். அந்த மை இரண்டு மாதத்தில் வெளுத்துப்போகும்.

எத்தனை நாள் பாக்கிற? ஒரு மாசமாச்சு, ஒண்டும் வரல்ல.

14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் தர வேண்டும். ஆவணம் மிக அதிகம் அல்லது தூரத்தில் இருக்கிறது என்றால் காரணம் சொல்லி இன்னும் 21 நாள் எடுக்கலாம். ஒருவரின் உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்தான் தவணை.

பதில் வராததும் மறுப்புத்தான். அப்போது அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் 3 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதற்குமேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். இங்கே தோற்பவர்கள் பெரும்பாலும் நியாயமில்லாமல் தோற்பதில்லை, திகதியைத் தவறவிட்டுத் தோற்கிறார்கள். கடிதம் கொடுத்த அன்றே போன் கலண்டரில் மூன்று நினைவூட்டல் போட்டுவிடுங்கள். என் கடையில் எழுதினால் நானே போட்டுக் கொடுப்பேன்.

இரகசியம், தர ஏலாது எண்டு ஒரு வரியில எழுதிட்டாங்க.

ஒரு வரி போதாது. எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். 5ஆம் பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன: தேசிய பாதுகாப்பு, பொது நலனோடு தொடர்பில்லாத தனிநபர் விபரம், வர்த்தக இரகசியம், முடிவாகாத வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கை, இன்னும் சில. கடற்படைத் தளமும் துறைமுகமும் உள்ள ஊர் என்பதால் இங்கே "பாதுகாப்பு" என்ற சொல் கொஞ்சம் தாராளமாகவே புழங்கும். கடற்படைக் கப்பலின் விபரம் கேட்டால் அந்தச் சொல் பொருந்தும். கடற்கரையோர மலசலகூடம் கட்டிய செலவுக்குப் பொருந்தாது.

விதிவிலக்குக்குள் வந்தாலும், வெளியிடுவதால் வரும் பொது நன்மை பெரிதென்றால் தர வேண்டும். மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் கறுப்படித்து மீதியைத் தரவும் சட்டத்தில் இடமுண்டு. ஆணைக்குழுவுக்குப் போனால், மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையதல்ல.

கோவை தொலைஞ்சு போச்சாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதா?

எனக்கே நடந்தது. 2018இல் நடந்த ஒரு வேலையின் கோவையைக் கேட்டு ஒரு கந்தோருக்கு எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் "சுனாமியில எல்லாம் போயிட்டுது" என்றார். சுனாமி வந்தது 2004 டிசம்பரில். அவர் கேலி செய்யவில்லை. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அதையே எழுதித் தாங்க" என்று கேட்டேன். அடுத்த கிழமை கோவை கிடைத்துவிட்டது.

சட்டம் வந்தபோது இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 ஆண்டும், அதன்பின் உருவானவற்றை 12 ஆண்டும் பாதுகாக்க வேண்டும். "தொலைந்துவிட்டது" என்பதை எப்போதும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட தகவலை வேண்டுமென்றே அழிப்பதும் பொய்த் தகவல் தருவதும் குற்றம். 50,000 ரூபாய் வரை தண்டமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

எனக்கு எழுத வராது மகன்.

வாயால் சொல்லலாம் அம்மா. தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அது அவர் செய்யும் உதவியில்லை, கடமை.

பக்கத்து வீட்டுக்கு அஸ்வெசும கிடைச்சிருக்கு, எனக்கு இல்ல. அவவுக்கு ஏன் குடுத்த எண்டு கேக்கலாமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள்தான் அதிகம், கோபமும் அதிகம். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித்தொகை தொடங்கியபோது வீடு, கல்வி, சுகாதாரம், சொத்து போன்ற விடயங்களில் அளவுகோல் வைத்துக் கணினி புள்ளி போட்டுத் தெரிவு செய்தது. பெயர்ப்பட்டியல் வெளியிட்டு மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் இடம் கொடுத்தார்கள். பட்டியல் வெளியே வந்தது நல்லதுதான். ஆனால் புள்ளி எப்படி விழுந்தது என்பது மக்களுக்கு விளங்கவில்லை. திரையில் "தகுதியில்லை" என்று மட்டும் காட்டுவது வெளிப்படைத்தன்மை ஆகாது.

அதனால் பக்கத்து வீட்டை விடுங்கள். அவவின் வருமானமும் நோயும் அவவின் சொந்த விபரம், முன்பு சொன்ன விதிவிலக்குக்குள் போய்விடும். உங்கள் கோவையைக் கேளுங்கள்: என் வீட்டில் கணக்கெடுப்புச் செய்தபோது பதிந்த விடைகளின் பிரதி, ஒவ்வொரு அளவுகோலுக்கும் எனக்கு விழுந்த புள்ளி, தகுதிக்கான எல்லைப் புள்ளி, என் மேன்முறையீட்டின் மீது எடுத்த முடிவு. பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். ஓட்டை மோட்டார் சைக்கிளை வாகனம் என்றும், தகரக் கூரையை ஓட்டுக் கூரை என்றும் பதிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

ஒன்லைன்ல காசு கட்டினா இலஞ்சம் இல்லாமப் போகும்தானே?

ஒரு பகுதி குறையும். 2025 பெப்ரவரியில், அரச கந்தோர்களுக்குக் கட்டணத்தை இணையத்தில் கட்டும் கோவ்பே வந்தது. அதில் கட்டினால் காசு கைமாறாது, பற்றுச்சீட்டு உடனே வரும், "சில்லறை இல்லை" என்ற கதையும் கிடையாது. ஆனால் உங்கள் விண்ணப்பத்தை இன்று பார்ப்பதா அடுத்த மாதம் பார்ப்பதா என்பது இன்னும் ஒரு மனிதரின் கையில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் விண்ணப்ப வரிசை எண்ணைக் கேளுங்கள், முன்னும் பின்னும் போன விண்ணப்பங்கள் அனுமதிக்கப்பட்ட திகதிகளைக் கேளுங்கள்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பங்கீட்டுக்கு வந்த பெற்றோல் கியூஆர் நினைவிருக்கும். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாங்கள் வரிசையில் நின்றோம். கியூஆர் ஒன்றைச் சரியாகக் காட்டியது: உனக்கு இந்தக் கிழமை எத்தனை லீற்றர் மிச்சம் என்று. பவுசர் எப்போது வரும், எந்தப் பெற்றோல் செட்டுக்கு முதலில் போகும் என்பதைக் காட்டவில்லை. சண்டையெல்லாம் காட்டாத பகுதியில்தான் நடந்தது.

எல்லாம் இணையத்துல இருக்காமே, எங்க இருக்கு?

எல்லாம் இல்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. வர்த்தமானிகள் அரச அச்சகத் திணைக்களத் தளத்தில் இருக்கின்றன. காணி சுவீகரிப்பு, தொல்லியல் பிரகடனம், வனப் பிரகடனம் எல்லாம் வருவது அங்கேதான். எங்கள் மாவட்டத்தில் இதைப் பார்க்காமல் இருப்பது ஆபத்து. கணக்காய்வாளர் நாயகத்தின் தளத்தில் மாநகர சபை, பிரதேச சபைகள் உட்பட நிறுவனம் நிறுவனமாக அறிக்கைகள் உண்டு. ஒரு சபையைப் பற்றி எழுதும் முன் அதைப் படியுங்கள். எந்தக் கோவையைக் கேட்க வேண்டும் என்பதைக் கணக்காய்வாளரே பந்தியாகச் சொல்லியிருப்பார்.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசியல்வாதிகளின் சொத்துப் பிரகடனங்களை, சில விபரங்களை மறைத்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தன் தளத்தில் வெளியிடுகிறது. அரச கொள்வனவுக்கு ப்ரொமிஸ் என்ற தளம் உண்டு. பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். அந்த 30 நாள் பத்திரிகை மூலையில் ஒரு விளம்பரமாக வந்து போய்விடும், அதைத் தவறவிட்டால் பிறகு அழுது பயனில்லை.

தகவல் சட்டத்தின் 9ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிதியில் 1,00,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம், உள்நாட்டு நிதியில் 5,00,000 ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன்பே விபரத்தை அமைச்சு வெளிப்படுத்த வேண்டும். 5 இலட்சம் என்பது இன்று ஒரு சின்னக் கொங்கிரீட் ஒழுங்கைக்குக்கூடக் காணாது. ஆகவே ஏறக்குறைய எல்லா வேலையும் இதற்குள் வந்துவிடும்.

பிடிஎஃப் கிடைச்சுது அண்ணன், ஆனா அதுக்குள்ள தேடினா ஒரு சொல்லும் வரல்ல. கொப்பி பண்ணினா கோழி கிண்டின மாதிரி வருது.

போன் பழுதில்லை, பாமினி. எங்கள் கந்தோர்களில் இன்றைக்கும் பலர் பாமினி எழுத்துருவில்தான் டைப் பண்ணுகிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே கணினி சேமித்திருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதனால் "வடிகான்" என்று தேடினால் கிடைக்காது, கூகுளும் அதைக் கண்டுபிடிக்காது. ஆவணம் பகிரங்கமாகத்தான் கிடக்கிறது, ஆனால் யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. வேண்டுமென்றே செய்ததில்லை. ஆனாலும் பூட்டிய அலுமாரிக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வழி இருக்கிறது. கொப்பி பண்ணிய குப்பையை எழுத்துரு மாற்றியில் போட்டு, பாமினியிலிருந்து யுனிகோட் என்று கொடுத்தால் நல்ல தமிழாக வரும். பல மாற்றிகள் இலவசம். ஸ்கேன் பண்ணிய பக்கமென்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, டொக்ஸில் திறந்தால் எழுத்தைப் படித்துத் தரும். தமிழை இப்போது பரவாயில்லாமல் படிக்கிறது, ஆனால் அட்டவணையைக் குழப்பிவிடும். 3ஐ 8 என்று வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன். ரூபாய்க் கணக்கென்றால் ஒவ்வொரு இலக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடச் சுலபம், கடிதத்திலேயே "எக்செல் கோப்பாக இருந்தால் அப்படியே மின்னஞ்சலில் தரவும்" என்று ஒரு வரி சேர்ப்பது.

தமிழில கேட்டன், சிங்களத்தில பதில் வந்துட்டுது.

வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கொழும்பிலுள்ள அமைச்சுக்கும் நீங்கள் தமிழில் எழுதலாம், அவர்களின் பதிலும் தமிழில் வர வேண்டும். வராவிட்டால் அதையே மேன்முறையீட்டுக் காரணமாக எழுதுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். ஆனால் கடிதம் வேறு, ஆவணம் வேறு. கோவையில் சிங்களத்தில் இருக்கும் ஒப்பந்தத்தின் பிரதி சிங்களத்தில்தான் கிடைக்கும். போனை வைத்து மொழிபெயர்த்தால் பொருள் பிடிபடும். சட்டச் சொற்களில் அதை நம்பி மேடையேறாதீர்கள், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கம்பனிகளிட்ட கேக்க ஏலுமா? எண்ணெய்த் தாங்கி, சம்பூர் சோலார் எல்லாம் கம்பனிதானே?

கம்பனி என்ற சொல்லைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதம் அல்லது அதற்குமேல் பங்கு வைத்திருந்தால் அந்தக் கம்பனியும் சட்டத்துக்குள் வரும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி சீனக்குடாவின் 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 இந்தியன் ஒயிலின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கும் போக, மீதி 61 இருவரும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் கம்பனிக்குப் போனது. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். ஆகவே கேட்கலாம். சம்பூர் மின் திட்டத்துக்காக இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியும் 2011இல் தொடங்கிய கம்பனி சரிபாதிப் பங்கு, அதுவும் உள்ளே. புல்மோட்டையின் கனிய மணல் கம்பனி முழுக்க அரசுடையது.

முழுத் தனியார் கம்பனியென்றால் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அரசோடு ஒப்பந்தமோ அனுமதிப்பத்திரமோ வைத்துப் பொதுச்சேவை செய்தால், அந்தச் சேவை அளவுக்கு மட்டும் கேட்கலாம். குப்பை அள்ளும் கொந்தராத்துக்காரர் இதற்குள் வருவார். தனியார் பஸ்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் பஸ்காரரோடு மல்லுக்கட்டாமல், அனுமதி கொடுத்த அதிகார சபையிடம் கட்டண அட்டவணையையும் நேர அட்டவணையையும் வாங்கி, தரிப்பிடத்தில் ஒட்டுவதே மேல்.

பங்குச்சந்தையில் பதிவான கம்பனிக்குக் கடிதமே தேவையில்லை. லங்கா ஐஓசியும், இங்கே ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்தும் கொழும்புப் பங்குச்சந்தையில் இருக்கின்றன. காலாண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் அதன் தளத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கும், சலிக்காமல் பின்பக்கத்துக் குறிப்புகளைப் படியுங்கள். முன்பக்கத்தில் சிரிக்கிற படங்கள்தான்.

அப்ப என்ஜிஓக்கள்?

அரசாங்கமோ, வெளிநாட்டு அரசோ, சர்வதேச அமைப்போ கணிசமாக நிதி கொடுத்துப் பொதுச்சேவை செய்தால், அந்தச் சேவை பற்றிக் கேட்கலாம்.

பேர் போட்டுக் கேட்டா வீட்டுக்கு வருவாங்களோ எண்டு பயமா இருக்கு.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. "பயப்படாதீங்க" என்று நான் சொல்லமாட்டேன். பெயரில்லாமல் கேட்கவும் முடியாது, கேட்பவர் பிரஜை என்பதால்தான் உரிமையே.

செய்யக்கூடியவை சில உண்டு. சங்கத்தின் பெயரில் கேட்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் பதிவில்லாத அமைப்பும் பிரஜையாகவே கணக்கு. கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், மாதர் சங்கம் எதுவும் சரி. காரணம் சொல்லத் தேவையில்லாததால், வேறு மாவட்டத்திலுள்ள உறவினரும் கேட்கலாம், அவருக்கு இந்த ஒழுங்கையோடு சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கேள்வியை ஒரு ஆளைக் குறிவைக்காமல் எழுதுங்கள்: "இன்னாருக்குக் கொடுத்த கொந்தராத்து" என்று கேட்பதைவிட "2023இல் இந்த வட்டாரத்தில் கொடுத்த எல்லாக் கொந்தராத்துகளும்" என்று கேட்டால் நீங்கள் தேடுவதும் அதற்குள் வந்துவிடும், உங்கள் விரல் யாரையும் சுட்டாது. பதில் வந்ததும் பிரதியை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள். ஒரு ஆளிடம் மட்டும் இருக்கும் கடதாசிதான் அந்த ஆளுக்குப் பாரம்.

லண்டன்ல இருக்கிற அண்ணா கேட்டா குடுப்பாங்களா? அவருக்குப் பயமில்ல.

அண்ணா இன்னும் இலங்கைப் பிரஜையா என்பதைப் பொறுத்தது. இங்கத்தைய கடவுச்சீட்டோ இரட்டைப் பிரஜாவுரிமையோ இருந்தால் கேட்கலாம். அந்த நாட்டுப் பிரஜையாகி இங்கத்தைய உரிமையைத் திரும்ப எடுக்காதவர் கேட்க முடியாது. அப்படியானவர் கணக்கு ஒப்பிடும் வேலையைச் செய்யட்டும், வெளியிலிருந்து செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

சாட்ஜிபிடிட்ட சொல்லிக் கடிதம் எழுதினா நல்லா வருமே?

நடை நன்றாக இருக்கும். முத்திரைக் கேள்விக்குச் சொன்ன அதே தவறு அழகான தமிழில் வரும். "2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு" என்று தொடங்கிய கடிதத்தை ஒருவர் அச்செடுக்கக் கொண்டுவந்தார். நல்லவேளை, அனுப்பவில்லை. பயன்படுத்துங்கள், சட்ட இலக்கம் 2016இன் 12 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

தகவல் வந்துட்டுது. பேஸ்புக்கில போட்டுக் கிழிக்கலாமா?

போடலாம், கிழிக்காதீர்கள். ஆவணத்தைப் போடுங்கள், தரையில் எடுத்த படத்தைப் போடுங்கள், இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "கள்ளன்" என்ற சொல்லை வாசிப்பவர் சொல்லட்டும். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது, பொய்யான கூற்று என்று முறைப்பாடு போனால் அலைச்சல் உங்களுக்கு. போடும் முன் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மறையுங்கள். போனில் பேனாவால் கிறுக்கி மறைத்தால் சிலவேளை வெளிச்சத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். அச்செடுத்து, கறுப்பு மையால் அடித்து, திரும்ப ஸ்கேன் பண்ணுங்கள். கடைக்கு வியாபாரம் என்று சொல்லவில்லை.

உண்மையிலேயே காசு போயிருக்கிறது என்றால் முகநூலோடு நிறுத்தாதீர்கள். 1954க்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம். கணக்காய்வாளர் நாயகத்துக்கு ஆவணப் பிரதியோடு எழுதலாம். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்துச் சபையில் கேட்கச் சொல்லலாம். அவர் கேட்டாரா என்பதைச் சபைக் கூட்டறிக்கையின் பிரதி கேட்டு அறியலாம், அதுவும் ஒரு பதிவேடுதான்.

எங்கட கோயில் கணக்கையும், மீனவர் சங்கக் கணக்கையும் இப்பிடிக் கேக்க ஏலுமா?

கோயிலுக்கு இந்தச் சட்டம் வராது. சங்கம் கூட்டுறவாகப் பதிவானதென்றால், மேற்பார்வை செய்யும் திணைக்களத்திடம் இருக்கும் கணக்காய்வு அறிக்கையைக் கேட்கலாம். ஆனால் உறுப்பினருக்கு நேரே கேட்கவே உரிமை இருக்கும்போது இவ்வளவு சுற்று எதற்கு?

ஒரு சங்கத்துக்கு நான் செய்துகொடுத்ததைச் சொல்கிறேன். கூகுள் ஷீட் ஒன்று திறந்தோம். திகதி, யாரிடமிருந்து, எதற்கு, வரவு, செலவு, மிச்சம் என்று ஆறு நிரல். பொருளாளர் மட்டும் எழுதலாம், உறுப்பினர் எல்லோரும் பார்க்கலாம். ஒவ்வொரு பில்லையும் படமெடுத்து அந்த வரிசையிலேயே இணைப்பார். பழைய வரியை மாற்றினால் எப்போது, எப்படி மாற்றினார் என்பது மாற்ற வரலாற்றில் இருக்கும், எழுதும் அனுமதி உள்ளவர் அதைத் திறந்து காட்டலாம். முதல் மாதம் பொருளாளர் என்னோடு கதைக்கவேயில்லை. மூன்றாம் மாதம் அவரே கடைக்கு வந்து, பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் இதேபோல் ஒன்று திறந்து தரச் சொன்னார். அவர்கள் தன்னைவிட மோசமாம்.